பார்மாவில் சேகரிப்பாளர் யாருமில்லை

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்னும் உள்ளூர்க் கடைக்குப் போய் வாங்குகிறார்களா என்ற சந்தேகம் தேசிய சேகரிப்புத் தரச் சபைக்கு வந்தது. நமக்கு இப்படி ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து வேறு வேலையைப் பார்ப்போம். சபை அப்படி அவசரப்படுகிற அமைப்பு அல்ல. மூன்று குழுக்களை நியமித்தது. நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு படிவம் அச்சடித்து நாட்டிலுள்ள எல்லாக் கார்டுக் கடைகளுக்கும் அனுப்பியது. கூடவே ஒரு கடிதம்: தம்மிடம் சேகரிப்பாளர்கள் பொருள் வாங்குவதை நிரூபிக்காத கடைகளுக்கு வரும் பருவம் முதல் புதுக் கார்டுப் பெட்டிகள் அனுப்பப்பட மாட்டா.

ஓஹையோ மாநிலத்துப் பார்மா நகரில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவில் லோரீன் பாவ்லிக்கின் கார்டுக் கடை இருந்தது. கடிதம் அவளுக்குப் பிப்ரவரியில் வந்தது. படித்ததும் நாட்காட்டியைப் பார்த்தாள். ஏப்ரலில் பேஸ்பால் பருவம் தொடங்கும். புதுப் பெட்டி வந்தால்தான் கடைக்கு ஆள் வரும். பெட்டி தயாரிக்கிற கம்பெனிகளோ, சபை தலையசைக்காமல் ஒரு பாக்கெட்டைக்கூட லாரியில் ஏற்றாது. பெட்டி வராவிட்டால் கோடை முடிவதற்குள் கடையை மூடவேண்டியதுதான். லோரீனுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தேழு வருஷமாக அந்தக் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்றவள். வேறு எங்கே போய் நிற்பது என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு இடமும் மனசுக்கு வரவில்லை.

படிவத்தை உட்கார்ந்து நிரப்பினாள். பதினேழாம் கேள்வி: “வாடிக்கையாளர்கள் கார்டுகளைத் தொட என்ன உபகரணம் பயன்படுத்துகிறார்கள்?” லோரீன் “கை” என்று எழுதினாள். இருபத்து மூன்றாம் கேள்வி: “தங்கள் கடையில் ஒரு மணி நேரத்தில் எத்தனை உரையாடல்கள் நிகழ்கின்றன? அவற்றைக் குறைக்க எடுத்த நடவடிக்கைகள் யாவை?” இதற்கு நெடுநேரம் யோசித்து, “ஒரே உரையாடல்தான். 1998இல் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை” என்று எழுதினாள். ஒரு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. இரண்டு பதிலுக்கும் கீழே சிவப்பு மையில் கோடு. கூடவே, நேரடி ஆய்வுக்கு அதிகாரி வருவார் என்ற தகவல்.

அதிகாரியின் பெயர் ப்ரெஸ்டன் விட்லோ. மார்ச் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். உட்காருவதற்கு நாற்காலியைக் கையோடு கொண்டுவந்திருந்தார், ஏனென்றால் கடை நாற்காலிகளில் முன்பு மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, மூலையில் அமர்ந்து குறிப்பேட்டைத் திறந்தார்.

சனிக்கிழமை அந்தக் கடையில் எள் போட்டால் எண்ணெய் ஆகும். பாக்கெட்டை வாங்குகிறவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை, அங்கேயே மேஜைமேல் வைத்துக் கிழிப்பார்கள். உள்ளே பன்னிரண்டு கார்டு, யாருடைய படம் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தர் கிழித்தால் ஆறு பேர் தோள்வழியாக எட்டிப்பார்ப்பார்கள். வேண்டாததை வாசலோரத் தட்டில் போட்டுவிட்டுப் போவார்கள், சின்னப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்ளும். ஓய்வுபெற்ற தபால்காரர் கஸ் டெம்கோ பல்லால்தான் கிழிப்பார். ராத்திரி வேலை முடித்து வரும் நர்ஸ் ஷரீஸ், தன் ஒன்பது வயது மகள் இமானியோடு வந்து, தூக்கக் கலக்கத்திலும் கஸ்ஸோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

நாலு மணிக்கு விட்லோ குறிப்பேட்டை மூடினார்.

“மேடம், இன்னிக்கு உங்க கடைக்கு எழுபத்தாறு பேர் வந்தாங்க. அதுல சேகரிப்பாளர் ஒருத்தர்கூட இல்லை.”

“நிக்க இடமில்லாம நாற்காலியத் தூக்கிட்டு ஜன்னலோரம் போனீங்களே சார்.”

“அது கூட்டம், மேடம். கூட்டம் வேற, சேகரிப்பாளர் வேற.” விட்லோ பக்கத்தைப் புரட்டினார். “பாக்கெட்டைப் பிரிச்சவங்க முப்பத்தொரு பேர். இவங்களை நாங்க சேதப்படுத்துவோர்னு வகைப்படுத்தறோம். கார்டை மாத்திக்கிட்டவங்க பத்தொன்பது. அனுமதியில்லா வியாபாரிகள். பிள்ளைக்கு வாங்கினவங்க பதினொண்ணு. அவங்க பெற்றோர். மீதிப் பேர் பேசிட்டு மட்டும் போனாங்க. அவங்களுக்கு எங்ககிட்ட வகையே இல்லை.”

கஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. “யோவ், நான் சேகரிக்கலையா? கிளீவ்லாண்ட் டீம்ல ஐம்பத்தெட்டாம் வருஷத்துலேர்ந்து ஆடின ஒவ்வொருத்தனும் என் வீட்டு நிலவறையில இருக்கான். ஆடாம பெஞ்சுல உக்காந்து தேய்ச்சவன்கூட இருக்கான்.”

விட்லோ முதன்முறையாக அவரை ஆர்வத்தோடு பார்த்தார். “அப்படியா சார். அவங்க மதிப்பு என்ன?”

“மதிப்பா? பாதிப்பேர் சுத்த தண்டம். கண்ணுக்கு நேரா வந்த பந்தை விட்டவனுங்க.”

“சந்தை மதிப்பைக் கேட்டேன்.”

“அது எனக்கெதுக்கு?”

விட்லோ வருத்தத்தோடு எழுதினார்: “காகிதம் வைத்திருப்பவர்.”

“அப்ப சேகரிப்பாளர்னா யாருதான் சார்?” என்று லோரீன் கேட்டாள். கோபத்தில் அவளுக்குக் காது சிவந்திருந்தது. குரலை மட்டும் எப்படியோ அடக்கிக்கொண்டாள்.

விட்லோ கண்ணை மூடிக்கொண்டார். விதியை மனப்பாடமாகச் சொல்லும்போது அவர் கண் தானாக மூடிக்கொள்ளும். “சேகரிப்பாளர்ங்கறவர் பாக்கெட்டைப் பிரிக்கமாட்டார், தொடமாட்டார். பிரிக்காத பெட்டியை வாங்கி, நெவாடா பாலைவனத்துல இருக்கற எங்க பெட்டகத்துல வெச்சிருப்பார். அங்கேயே இன்னொரு சேகரிப்பாளருக்கு வித்துடுவார். பெட்டி இடத்தை விட்டு அசையாது. போன வருஷம் ஒரே பெட்டி நாப்பது பேர் கை மாறிச்சு. நாப்பது பேர்ல ஒருத்தர்கூட அதைப் பாத்ததில்லை.”

“உள்ள யாரு கார்டு இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்காதா?” என்று இமானி கேட்டாள்.

“அந்த ஆசை இருக்கறவங்களை நாங்க பதிவு பண்றதில்லை, பாப்பா.”

லோரீன் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். “சார், அப்பேர்ப்பட்ட மனுஷன் என் கடைக்கு எதுக்கு வரணும்?”

“அதைத்தான் மேடம் சபை மூணு வருஷமா ஆராய்ஞ்சிட்டிருக்கு.” விட்லோ நாற்காலியை மடக்கினார். “இரண்டு வாரம் கழிச்சு மறுபடி வர்றேன். அஞ்சு சேகரிப்பாளர் இருந்தாப் போதும். இல்லேன்னா பெட்டி வராது.”

அவர் போனதும் லோரீன் வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சபையின் தாய் தந்தையரில் ஆரம்பித்து, விட்லோவின் கையுறை வரைக்கும் வந்தார்கள். கடைசியில் கஸ்தான் வழி சொன்னார்.

“அஞ்சு பேர்தானே? நடிச்சுட்டுப் போவோம். ஒருநாள் வாயப் பொத்திக்கிட்டு நிக்கறது என்ன பெரிய வித்தையா?”

“நீங்களா?” என்றாள் ஷரீஸ். “போன மாசம் உங்க அக்கா சாவுக்குப் போயி, பாதிரியார்கிட்ட பேஸ்பால்ல பந்து வீசறதைப் பத்திப் பேசினவர் நீங்க.”

“அந்த ஆளுதான் ஆரம்பிச்சாரு.”

பக்கத்துப் பல் மருத்துவர் ஒரு பெட்டி கையுறை கொடுத்தார். இரண்டு வாரமும் சாயங்காலங்களில் ஒத்திகை நடந்தது. மற்றவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கஸ்ஸுக்குத்தான் உயிர் போனது. பாக்கெட்டைக் கையில் கொடுத்தால் அவர் கட்டைவிரல் தானாக ஒட்டுப்போட்ட ஓரத்தைத் தேடிப் போகும். ஷரீஸ் நோயாளியிடம் பேசுகிற குரலில், “மூச்சை இழுங்க, விடுங்க, இப்ப மெதுவா கீழ வைங்க” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். அறுபத்தெட்டு பாக்கெட் கிழிந்தபின் அறுபத்தொன்பதாவது முழுசாக மேஜைக்கு வந்தது.

குறித்த சனிக்கிழமை விட்லோ வந்தபோது கடையில் ஐந்து பேர்தான் நின்றார்கள். கஸ், ஷரீஸ், இமானி, பல் மருத்துவர், துணி துவைக்கும் கடைக்காரர். எல்லாருக்கும் கையுறை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கஸ் ஒரு பாக்கெட் வாங்கி, மேஜையின் நடுவில் வைத்து, இரண்டடி தள்ளி நின்று ஆறு மணி நேரம் அதையே பார்த்தார். நெற்றியில் வேர்வை ஓடியது, துடைக்கவில்லை. மற்றவர்கள் வாங்கியதைத் தொடாமலே லோரீனிடம் கொடுத்துவைக்கச் சொன்னார்கள். வாசலோரத் தட்டு காலியாகக் கிடந்தது. பிள்ளைகள் எட்டிப்பார்த்துவிட்டு பயந்து போய்விட்டார்கள்.

நாலு மணிக்கு விட்லோ எழுந்தார். கண் கலங்கியிருந்தது. “இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். உயிர் இருக்கறதே தெரியாத அளவுக்கு இப்படி ஒரு கடையை நான் பாத்ததில்லை மேடம்” என்றார். ஐந்து என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். லோரீன் படிவத்தில் அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று அவள் படிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் யாருக்குப் படிக்கத் தோன்றும்?

அடுத்த வெள்ளிக்கிழமை மாதா கோயில் மீன் வறுவல் விருந்தில் ஐந்து பேரும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். ஒரு முட்டாள் சபையை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தார்கள். அங்கேதான் தப்பு செய்தார்கள். கார்டோடு பழகிய கைகளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. நடித்ததையும் பழுதில்லாமல் நடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் வாகன நிறுத்தத்தில் மூன்று லாரிகள் வந்து நின்றன. ஒன்றில் புதுப் பெட்டிகள். அவற்றைப் பார்த்ததும் லோரீனுக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. ஆட்கள் பெட்டிகளைக் கொண்டுபோய் மேஜைமேல் அழகாக அடுக்கினார்கள். இரண்டாவது லாரியிலிருந்து தடிமனான கண்ணாடிப் பிளாஸ்டிக் பலகைகள் இறங்கின. மூன்றாவதில் ஒரு சிறு மேடையும் ஒலிபெருக்கியும் இருந்தன, அதன் பின்னால் வந்த காரிலிருந்து சபைத் தலைவர் தர்ஸ்டன் மெரிக்கும் விட்லோவும் இறங்கினார்கள். அளவு நாடாவோடு நான்கு பேர் கடையின் நான்கு மூலைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள்.

“ஒரு நிமிஷம் வெளிய நிக்கறீங்களா மேடம்?” என்றார் விட்லோ. “கார்டுக்குப் போடற மாதிரி, ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள தரம் போடணும்.”

லோரீன் வெளியே வந்தாள். விட்லோ அறிக்கையை உரக்கப் படித்தார். “மூலைகள்: கூர்மை. சுவர்கள்: நேர். கண்ணாடி: கீறலில்லை. தரம் எட்டு. குறை: உபயோகித்த அடையாளம், ஒரு பெண்மணி.” பிறகு நிமிர்ந்து பார்த்து, “இப்ப வெளிய வந்துட்டீங்க. ஆகவே ஒன்பது” என்று திருத்தினார்.

அவர் திருத்தி முடிப்பதற்குள் ஆட்கள் வாசலைப் பூட்டிச் சாவியை விட்லோவிடம் கொடுத்தார்கள். சுற்றிலும் பலகைகள் நின்றன. கடைமுகப்பு முழுதும், பெயர்ப்பலகையோடு சேர்த்து, தரம் போட்ட ஒரு கார்டைப்போல பிளாஸ்டிக் உறைக்குள் போனது. உச்சியில் சீட்டு ஒட்டினார்கள்: பாவ்லிக் கார்டுக் கடை, பார்மா, ஓஹையோ. ஒன்பது.

“என்ன சார் பண்றீங்க? நான் எப்படி உள்ள போறது?”

“முப்பத்தெட்டாம் பக்கம், மேடம். தேர்வான கடை சபையின் பாதுகாப்புக்கு வந்துடும். நீங்க உள்ள போனா மறுபடி எட்டாயிடும்.”

“நான் காசு குடுத்து வாங்கின பாக்கெட் உள்ள இருக்குய்யா” என்று கஸ் கண்ணாடிக்குள் கையைக் காட்டினார். “அன்னிக்கு நடுமேஜையில வெச்சது. நடிச்ச ராசி கெட்டுடும்னு அப்படியே விட்டுவெச்சேன்.”

“வாழ்த்துகள் சார்” என்றார் விட்லோ. “இனி அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.”

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் மெரிக் ஒரு சிறு மேடைமேல் ஏறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

“அன்பர்களே, சேகரிப்பாளர்கள் இன்னும் உள்ளூர்க் கடைக்கு வருகிறார்களா என்று நாடே கேட்டது. வருகிறார்கள் என்பதற்குப் பார்மா சாட்சி. இந்தக் கலையை நான் நாற்பது ஆண்டுகளாகக் காத்து வருகிறேன். இந்த நாற்பது ஆண்டுகளில் நான் ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை, ஏனென்றால் ஆட்டத்தில் வீரர்கள் அழுக்காகிறார்கள். நம் பொழுதுபோக்குக்கு எதிரி யார்? விலைவாசியா? இல்லை. மனிதனின் கை. அதைவிடப் பெரிய எதிரி குழந்தையின் கை. உள்ளூர்க் கடைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். செய்து காட்டியது நாங்கள்தான். இனி இந்தக் கடையில் எதுவும் நடக்காது என்று உறுதியளிக்கிறேன்.”

சபை ஆட்கள் கையுறையோடு கைதட்டினார்கள். சத்தமே வரவில்லை.

லோரீன் உறைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே அவளுடைய ஸ்வெட்டர் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பாதி குடித்த காப்பி மேஜைமேல் இருந்தது. அதன் பக்கத்தில் புதுப் பருவத்தின் பெட்டிகள், அவள் இரண்டு மாதம் தூக்கம் கெட்டுக் காத்திருந்த பெட்டிகள். நன்றாகப் பார்ப்பதற்காக அவள் ஒரு கையைப் பிளாஸ்டிக்கில் ஊன்றி நெற்றியைச் சாய்த்தாள்.

விட்லோ பாய்ந்து வந்தார். “கையை எடுங்க மேடம். ஒரு கைரேகைக்கு ஒரு புள்ளி போயிடும்.” அவள் எடுத்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையும் பளிச்சென்று பதிந்திருந்தன. விட்லோ ஏணியில் ஏறி, ஒன்பதை அடித்து எட்டு என்று எழுதினார்.

கஸ் அந்த எட்டைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். அவர் அப்போதுதான் தெருமுனையில் வறுத்த உருளைக்கிழங்கு தின்றுவிட்டு வந்திருந்தார். போய்ப் பிளாஸ்டிக்கில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

“ஏழு” என்று விட்லோ முனகினார்.

ஷரீஸ் வைத்தாள், ஆறு. பல் மருத்துவர் கையைக் கழுவாமல் வந்தார், ஐந்து. துணி துவைக்கும் கடைக்காரர், நான்கு. இமானி இரண்டு கையையும் வைத்தாள், அது இரண்டு புள்ளியா என்று விட்லோ விதியைப் புரட்டிப் பார்த்தார். இரண்டுதான்.

“நிறுத்துங்க” என்றார் தலைவர். ஒலிபெருக்கி இன்னும் அணையவில்லை, அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது. “இரண்டுக்கு வந்தாச்சு. ஒண்ணுங்கறது எங்க கடைசித் தரம். அதுக்கும் கீழே போனா சபைக்கு இதோட எந்தச் சம்பந்தமும் கிடையாது. சான்று ரத்து. ஒப்பந்தம் ரத்து. பெட்டியெல்லாம் லாரியில ஏறிடும், இனி ஒரு பெட்டியும் வராது. யோசிச்சு செய்யுங்க அம்மா. அதுக்கப்புறம் இது வெறும் கடை.”

கூட்டம் நின்றது. எல்லாரும் லோரீனைப் பார்த்தார்கள்.

லோரீன் பெட்டிகளைப் பார்த்தாள். இருபத்தேழு ஏப்ரலாக அவள் பிரித்து அடுக்கிய பெட்டிகள். அவை இல்லாத ஒரு பருவத்தை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அழுகை வந்தது, இவன்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பெட்டி இல்லாம எதை வெச்சு ஓட்டுவேன் கஸ்?”

கஸ் தொண்டையைச் செருமினார். “எங்கிட்ட ஒவ்வொருத்தனும் நாலஞ்சு தடவை இருக்கான். டூப்ளிகேட்டெல்லாம் கொண்டுவந்து கொட்டறேன். யாராவது திட்டிக்கிட்டே வாங்குவான்.”

“உங்க நிலவறையில யாரையும் இறங்க விடமாட்டீங்களே” என்றாள் ஷரீஸ்.

“அதான் நானே தூக்கிட்டு வர்றேங்கறேனே.”

“என் தம்பி வீட்டுப் பரண்ல ரெண்டு மூட்டை கிடக்கு” என்றார் துணி துவைக்கும் கடைக்காரர். பின்னாலிருந்து யாரோ தன் மாமனாரின் கராஜைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் அந்த மாமனார் வைத்திருப்பது முழுக்கக் குப்பை என்றார். அங்கேயே ஒரு சண்டை ஆரம்பித்துவிட்டது.

லோரீன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து, மெதுவாக, நன்றாக அழுத்திப் பிளாஸ்டிக்கில் வைத்தாள். போதாதென்று முகத்தையும் வைத்து அழுத்தினாள். மூக்கு, நெற்றி, உதட்டுச் சாயம் எல்லாம் பதிந்தன.

ஏணியில் நின்ற விட்லோவுக்கு எழுத எண் இல்லை. தலைவர் மேடையைவிட்டு இறங்கி, யாரையும் உரசாமல் காருக்குள் போய் உட்கார்ந்தார். ஆட்கள் பலகைகளைக் கழற்றினார்கள். விட்லோ சாவி போட்டுத் திறந்துவிட, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். லோரீன் அவற்றை எண்ணவில்லை. ஆனால் கடைசிப் பெட்டி லாரியில் ஏறும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

விட்லோ ஒரு தாளை நீட்டினார். விறைப்பாக நின்றார். “முடிவறிக்கை, மேடம். உங்க கையெழுத்து வேணும்.”

இந்த முறை லோரீன் படித்துப் பார்த்தாள். ஒரே வரிதான். மேற்படி கடைக்குச் சேகரிப்பாளர் எவரும் வருவதில்லை.

உள்ளே அதற்குள் நாற்பது பேர் புகுந்துவிட்டிருந்தார்கள். “லோரீன், இங்க ஆளுங்க நிக்கறாங்க, வெளிய என்ன பேச்சு” என்று கஸ் கத்தினார்.

“வர்றேன் இரு” என்றாள் லோரீன். விட்லோவைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவர் முதுகின்மேல் தாளை வைத்து, கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள்.

“சாவி.”